இருக்கட்டோ: ஒரு ரீவி நாடகப் பாட்டு எழுதின கதை

ஆறு பகுதியாகப் போன ஓர் இசை நாடகத்துக்கு ஒரேயொரு பாட்டு எழுதினேன். அந்த ஒன்றை ஏழு தரம் எழுதினேன். முதல் ஆறையும் கிழித்துப் போடாமல் ஒரு கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். நல்லாயிருக்கு என்பதற்காக அல்ல. எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று அடுத்த முறை எடுத்துப் பார்க்க.

கதை எங்கட யாழ்ப்பாணத்து ஊர்க் கதைதான். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. தகப்பன் இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்கிறார். 1707 இல் ஒல்லாந்தர் எங்கட வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுக்க முன்னமே இங்கே பரம்பரையாய் வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம் என்று சொத்துக்குப் பெயர் வைத்துப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே கதையை ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதுகிற நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்கிறார்: “சீவிய உரித்து வைக்கிறியளோ?” சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமையைத் தன் பேரில் வைத்துக்கொள்ளலாம். தகப்பன் மகளைப் பார்க்கிறார், மாப்பிள்ளையைப் பார்க்கிறார், “சீச்சீ, அதெல்லாம் என்னத்துக்கு” என்று சொல்லிவிடுகிறார். அந்த இரவு வெறும் வீட்டில் அவர் தனியே நடக்கிறார். அங்கேதான் பாட்டு.

இயக்கியவர் என்னிலும் பத்து வயது இளையவர். “அண்ணை, மூண்டரை நிமிசத்துக்குள்ளை வேணும்” என்றார். நான் மகிழ்ச்சியோடு கோண்டாவில் வீட்டுக்கு வந்து, அன்று இரவே எழுதி முடித்தேன்.

“கல்லை அடுக்கிக் கனவு சமைத்தேன், காலத்தின் கையில் சாவியைத் தந்தேன்.”

எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. எட்டு வரியிலும் அந்த மனிசன் இல்லை. இருந்தது நான்தான், கவியரங்கத்தில் கைதட்டு வாங்க நிற்கிற நான்.

மெட்டுப் போட்டவர் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து, பிறகு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொப்பியை வாங்கி இரண்டு தரம் மனதுக்குள் வாசித்தார். ஆர்மோனியத்தைத் தொடவில்லை.

“தம்பி, வாசிக்க நல்லாயிருக்கு. இதைப் பாடுறதுக்கு முதல் அந்தாள் என்ன நினைக்கிறார், பாடி முடிய என்ன நினைக்கிறார், சொல்லும் பாப்பம்.”

பாட முதல் கவலை என்றேன். பாடி முடிய?

“கவலைதான்.”

“அப்ப ஏன் பாடுறார்?”

பதில் வரவில்லை. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் என்ற இசை நாடகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். தகப்பனின் தோளில் இருந்து கோயில் வீதியில் பார்த்தவராம். சுடலை காக்கிற அரிச்சந்திரனிடம் சந்திரமதி செத்த பிள்ளையைக் கொண்டு வருகிறாள். அவன் கேட்பது கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும். “அது அழுகைப் பாட்டு எண்டு சனம் நினைக்குது. அது பேரம் தம்பி. ஒருத்தர் கேக்கிறார், மற்றவ இல்லையெண்டுறா. அழுகை சனத்துக்குத் தன்பாட்டிலை வரும்.”

நான் இதில் கற்றது எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. கவிதையில் ஒரு நிலையில் நின்றுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நாடகப் பாட்டில் ஏலாது. பாத்திரம் ஒரு மனதோடு பாட்டுக்குள் போய் இன்னொரு மனதோடு வெளியே வரவேண்டும். இல்லாவிட்டால் அந்த மூன்றரை நிமிடத்தில் பார்க்கிறவர் குசினிக்குத் தண்ணி குடிக்கப் போய்விடுவார், திரும்பி வந்தால் ஒன்றும் தவறிப்போயிருக்காது. இப்போது யாரும் பாட்டுக் கேட்டு வந்தால் மெட்டைப் பற்றி முதலில் கேட்பதில்லை. பாட்டை வெட்டி எறிந்தால் கதை நிற்குமோ என்று கேட்கிறேன். நிற்கும் என்றால், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

சரி, எங்கள் தகப்பன் எந்த மனதோடு உள்ளே போகிறார்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு றங்குப்பெட்டியைத் திறந்தேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா நகையைவிடப் பத்திரமாகக் கொண்டுபோனது உறுதிக் கட்டைத்தான், ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, அதைச் சீலைக்குள் சுற்றி. மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. கிழக்கில் ஒழுங்கை, வடக்கில் இன்னார் காணி, மேற்கில் இன்னார், தெற்கில் இன்னார், இந்நான்கெல்லைக்குட்பட்ட நிலமும் வீடும் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும். சத்தமாக வாசித்தேன். வாசிக்கும்போதே காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தகப்பன் பாடவேண்டியது இதைத்தான். அவர் கவலையோடு உள்ளே போகவில்லை, பெருமையோடு போகிறார். தன் உறுதியைத் தானே ஒருக்கால் வாசித்துப் பார்க்கிறார், எல்லாம் எழுதியாயிற்றோ என்று. வாசிக்க வாசிக்க, எழுதாமல் விட்டது ஒன்று தட்டுப்படுகிறது.

பல்லவி அன்றைக்கே வந்தது:

கிழக்கே ஒழுங்கை, வடக்கே கிணறு,
மேற்கே பனைநிரை, தெற்கே படலை,
நாலெல்லைக் குள்ளே நான்வாழ்ந்த வீடு,
நாளை விடிஞ்சால் நீவாழும் வீடு.

இதில் உவமை ஒன்றும் இல்லை. மாஸ்ரர் முதல் தடவையாக ஆர்மோனியத்தை இழுத்தார். முகாரியில் தொடங்கினார். இயக்குநர் உடனே தலையாட்டினார்: “முகாரி வேண்டாம் மாஸ்ரர். அழுகை வரப்போகுது எண்டு முதலே தெரிஞ்சிடும்.” கொஞ்ச நேரம் விரல்கள் சும்மா அலைந்தன. பிறகு மத்தியமாவதியில் வந்து நின்றன. கச்சேரி முடிவில் மங்களம் பாடுகிற இராகம். நல்ல காரியத்துக்கு உறுதி எழுதுகிற மனிசனுக்கு அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. ச ரி ம ப நி என்று ஐந்து சுரம்தான், காந்தாரமும் தைவதமும் அதில் கிடையாது. “அந்தக் காந்தாரத்தை நான் ஒளிச்சு வைக்கிறன். நீர் கடைசியிலை ஒரு சொல்லுத் தாரும், அதிலை எடுக்கிறன்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் மிச்ச நான்கு தடவையும் எழுதினேன்.

மெட்டுக்கு எழுதுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது ஒரு சின்ன வேலை. மெட்டைத் தத்தகாரமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்ரர் எனக்கு வட்ஸ்அப்பில் “தனானா தனானா” என்று பாடி அனுப்பினார். அதைக் கடதாசியில் எழுதி, சுரம் நீளுகிற இடத்தின் கீழ் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு இருக்கிற இடத்தில் நெடில்தான் வரலாம். அதிலும் ஆ, ஏ, ஓ என்றால் பாடகருக்கு வாய் திறக்கும். ஈயும் ஊவும் உச்சத்தில் தொண்டையை இறுக்கும். வல்லின ஒற்று விழுந்தால் சுரம் அங்கேயே அறுந்துபோகும். யாப்புப் படித்தவர்களுக்கு வகையுளி தெரியும், சீருக்காகச் சொல்லை இரண்டாய் உடைக்கிற வேலை. கவிதையில் கண் அதை ஒட்டிவிடும். பாட்டில் காது ஒட்டாது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் நாலாம் பிரதியின் கடைசி வரியை இப்படி முடித்தேன்: “உறுதியில் எழுதாதது”. கடதாசியில் அழகாகத்தான் இருந்தது. திருநெல்வேலியில் ஒரு வீட்டு அறையைத்தான் ஒலிப்பதிவுக்கு மாற்றியிருந்தார்கள், சுவரெல்லாம் பழைய மெத்தை. பாடகத் தம்பி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அந்த வரிக்கு வந்தார். மெட்டு கடைசி எழுத்தில் நாலு அட்சரம் நீள்கிறது. “எழுதாத தூ...” என்று இழுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்த பெடியன் மேசையில் தலையை வைத்துவிட்டான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த தகப்பன் அவள் முகத்தில் துப்புகிற மாதிரி இருந்தது. மாஸ்ரர் சிரிக்கவில்லை. “குற்றியலுகரத்தை இழுத்தால் உப்பிடித்தான்” என்று மட்டும் சொன்னார். சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கிற உகரம் அது. தமிழில் எத்தனையோ சொல் ‘து, பு, று, டு’ என்று முடிவது பாட்டெழுதும்போதுதான் உறைக்கும்.

அன்று பதிவு நடக்கவில்லை. வேறு காரணமும் இருந்தது. நல்லூர்க் கொடியேறிய காலம். 25 நாளும் எங்கே திரும்பினாலும் ஒலிபெருக்கி. மெத்தை அடித்த சுவருக்குள்ளும் அது வந்தது. ஆவணியில் யாழ்ப்பாணத்தில் பாட்டுப் பதிவுசெய்ய நாள் குறிக்கிறவர்கள் இராத்திரி பத்துக்குப் பிறகு குறியுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு ஐயா படலையடியில் நின்று எங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “பிள்ளை, உதிலை கொஞ்ச நேரம் இருக்கட்டோ?” வெயிலுக்கு எங்கள் விறாந்தைச் சீமெந்துக் குந்தில் இருந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுத்தான் இருப்பார். நாற்பது வருசமாகக் கேட்கிற கேள்வி. அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

இருக்கட்டோ. ஓகாரத்தில் முடிகிறது. எங்கள் கேள்வியெல்லாம் அப்படித்தான்: வரட்டோ, சாப்பிட்டியளோ, சுகமோ. பாடகருக்கு வாயைத் திறந்து கொடுக்கிற உயிரெழுத்தை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுவந்து வைத்திருக்கிறது எங்கள் பேச்சு. நான் அதைக் கழுவித் துடைத்துச் செந்தமிழாக்கி, கடைசியில் ‘து’வோடு நின்றுகொண்டிருந்தேன்.

எழுதாமல் விட்ட பொருள் எது என்பதும் அதோடு தெளிந்தது. கரண்ட் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும். எங்கள் வீட்டில் யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் புகைக் கறுப்பு ஏறியிருந்தது. இரண்டு தரம் வெள்ளையடித்தும் கீழிருந்து தெரிந்தது. எந்த நொத்தாரிசும் அதை உறுதியில் எழுதமாட்டார்.

எழுத்திலை ஏறாமல் கிடக்குது ஒண்டு,
ஜாம்போத்தல் விளக்குப் புகைபட்ட சுவர்தான்;
புத்தகம் விரிச்சுநீ குந்தின இடந்தான்,
அதிலையோர் பாய்போட்டு இருக்கட்டோ பிள்ளை,
இருக்கட்டோ...

மாஸ்ரர் அந்த ‘ட்டோ’வில் காந்தாரத்தைத் தொட்டு இறங்கினார். சாதாரண காந்தாரம், ஒரேயொரு தடவை. அறைக்குள் இருந்த ஐந்து பேரில் சங்கீதம் தெரிந்தவர் அவர் மட்டும்தான். ஆனால் ஏதோ நடந்தது என்று ஐந்து பேருக்கும் தெரிந்தது. சீவிய உரித்து வேண்டாம் என்று காலையில் சொன்ன மனிசன் இரவில், கேட்க ஆள் இல்லாத வீட்டில், பாய் போட இடம் கேட்கிறார். பெருமையோடு உள்ளே போனவர் கெஞ்சலோடு வெளியே வருகிறார். இனி அடுத்த காட்சிக்கு வேலை இருக்கிறது.

ஒளிபரப்பப்போகிற இடத்திலிருந்து ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டுத் தொலைபேசி எடுத்தார். எல்லாம் அருமையாம். ‘இருக்கட்டோ’வை மட்டும் ‘இருக்கட்டுமா’ என்று மாற்றினால் இந்தியாவிலும் கனடாவிலும் விளங்குமாம். கனடாவில் யார் இருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாதோ என்று கோபம் வந்தது. கோபத்தில் கதைத்தால் தோற்றுவிடுவோம் என்று மாஸ்ரர் என்னைத் தடுத்து, அவரே கதைத்தார். ஊர்ப்பற்று, மண்வாசனை ஒன்றும் பேசவில்லை. எண்ணிக் காட்டினார். “இ-ருக்-கட்-டோ, நாலு அசைவு. உச்சச் சுரம் நாலாவதிலை, டோவிலை விழுது. இருக்கட்டுமா எண்டால் அஞ்சு. உச்சம் ‘டு’விலை விழும். பாடட்டோ, கேட்டுப் பாக்கிறியளோ?” பாடியும் காட்டினார். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம், பிறகு “சரி சேர், இருக்கட்டும்.” சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உணர்ச்சியை வைத்துவிட்டுத் தாளத்தை எடுங்கள். எண்ணிக்கையோடு வாதாட மிகச் சிலரே வருவார்கள்.

படப்பிடிப்பில் விட்ட பிழை என்னுடையதல்ல, ஆனாலும் சொல்லவேண்டும். நடித்தவர் வேறு, பாடினவர் வேறு. பழைய நாற்சார் வீடொன்றில் பாட்டை ஒலிக்கவிட்டு, அதற்கு உதட்டை அசைத்து எடுத்தார்கள். நிமிடத்துக்கு 92 அடி என்ற வேகத்தில் இருந்த முதல் கலவை அது. எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, இறுதிக் கலவையின்போது பாட்டு கொஞ்சம் இழுக்கிறது என்று 96 ஆக்கிவிட்டார்கள். நாலு அடிதானே என்று தோன்றும். மூன்று நிமிடம் இருபது விநாடிப் பாட்டில் அது எட்டு விநாடிக்குக் கிட்ட. முதல் வரியில் உதடு ஒட்டும், பல்லவி முடிய முதலே விலகத் தொடங்கும், சரணத்தில் மனிசன் கிணற்றைப் பார்த்துக்கொண்டு படலையைப் பாடுவார். தொகுப்பாளர் வாயை மறைக்கிற காட்சியெல்லாம் தேடி ஒட்டினார்: முதுகு, நிழல், கதவுநிலை, சுவரில் கை. உண்மையைச் சொன்னால் அந்தச் சுவரில் கை வைக்கிற காட்சி நன்றாகத்தான் அமைந்தது. அதை வைத்துப் பிழையை நியாயப்படுத்த ஏலாது. வேகத்தை முடிவுசெய்யாமல் கமராவைத் தூக்காதீர்கள்.

கலவை பற்றியும் ஒன்று. நல்ல ஹெட்போனில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த சத்தம், நெஞ்சில் வந்து விழுந்தது. எங்கள் வீட்டு ரீவியில் போட்டுப் பார்த்தால் மிருதங்கமே இல்லை, வயலினுக்குள் சொல் மூழ்கிப்போய்க் கிடந்தது. ரீவி நாடகத்தை எங்கள் சனம் மின்விசிறிச் சத்தத்துக்கும் பிட்டு அவிகிற சத்தத்துக்கும் நடுவில்தான் பார்க்கும். பாட்டை ஒரு தரம்தான் கேட்கும். அந்த ஒரு தரத்தில் சொல் விளங்கவேண்டும். திரும்பப் போய், பாடுகிற இடங்களில் வயலினை இறக்கச் சொன்னோம். இப்போது கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் பாட்டுத் தெரியாத ஒருவர் திருப்பிச் சொல்கிறாரோ என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறேன். எனக்குச் சோதித்துத் தருவது அம்மா. அவவுக்கு ‘பனைநிரை’ முதலில் ‘பனிமழை’ என்றுதான் கேட்டது.

ஒளிபரப்பானது. மூன்றாம் நாள் பாட்டைத் தனியாக வெட்டி யூரியூப்பில் போட்டிருந்தார்கள். பாடினவர் பேர் இருந்தது, நடித்தவர் பேர் இருந்தது, அனுசரணை தந்த நகைக்கடையின் பேர் பெரிதாக இருந்தது. எழுதினவர் பேரும் மெட்டுப் போட்டவர் பேரும் இல்லை. எடுத்துக் கேட்டேன். “அண்ணை, எழுத்திலை ஒண்டும் இல்லையே” என்றார்கள்.

உறுதியைப் பற்றிப் பாட்டெழுதியவன் பாட்டுக்கு ஓர் உறுதி எழுதவில்லை. நண்பரான சட்டத்தரணி ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவருக்கு உரிமை அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் இருக்கிறது. அதை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு மாற்றவேண்டும். பேர் போடச்சொல்லிக் கேட்கிற உரிமை அதற்கும் புறம்பானது. அப்போ எழுத்தில் ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்குத்தான் பாதகம், எனக்கல்ல. இதைக் கடிதமாக எழுதி அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து இரண்டு பேரும் கீழே சின்ன எழுத்தில் வந்தன.

இப்போது அதே இயக்குநருக்கு இரண்டாவது பாட்டு எழுதுகிறேன். போன சனிக்கிழமை விறாந்தையில் வந்து இருந்தார். வரி கேட்டார். முதலில் ஒற்றைப் பக்கத்தில் தட்டச்சு செய்த கடதாசியை நீட்டினேன். எந்த நாடகத்துக்கு, எத்தனை தடவை ஒளிபரப்ப, இணையத்தில் போட்டால் யார் யார் பேர், தொகை எப்போது, இவ்வளவுதான். அவர் வாசித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் சிரித்துவிட்டார்.

“என்ன அண்ணை, சீவிய உரித்தும் போட்டிருக்கிறியள்?”

“ஓம் தம்பி. பேனை இருக்கோ?”